விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே

தொடு பொத்தான் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பைப் பழுதுபார்க்கப் பிரித்தால், பல மாடல்களில் மேல் கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் பலகையில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒன்று. புதிதாகப் பார்ப்பவர், கண்ணாடியை அழுத்தினால் அது அமுங்கும், ஸ்பிரிங் கீழே போய் எதையோ தொடும் என்று நினைத்துக்கொள்வார். அப்படி எதுவும் நடப்பதில்லை. கண்ணாடி அசைவதே கிடையாது. பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையே கிடக்கும் காற்றைத் தாண்டி, கண்ணாடியின் அடிப்பக்கம் வரைக்கும் உலோகத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த ஸ்பிரிங்கின் வேலை. வாஷிங் மெஷினின் வளைந்த முகப்புக்குப் பின்னால் இதே வேலையை வெள்ளி மை அச்சிட்ட மெல்லிய படலமோ மின்சாரம் கடத்தும் ஸ்பாஞ்சோ செய்கிறது. கைபேசியில் உணர்வுப் படலத்தைக் கண்ணாடியோடு பசை போட்டே ஒட்டிவிடுகிறார்கள். பொருளும் விலையும் வேறு வேறு, விதி ஒன்றுதான். நடுவே காற்று நிற்கக் கூடாது.

ஏன் கூடாது என்று கேட்டால், பொறியாளர்கள் பள்ளிக்கூடச் சூத்திரத்தை எடுத்துப் போடுவார்கள். பொத்தானுக்கு அடியில் உள்ள உலோகத் தகடு மின்தேக்கியின் ஒரு பக்கம், விரல் மறுபக்கம். மின்தேக்குத்திறன் தகட்டின் பரப்பைப் பொறுத்தும் நடுவே உள்ள பொருளின் மின்காப்பு மாறிலியைப் பொறுத்தும் கூடும். தூரம் அதிகரித்தால் குறையும். கண்ணாடியின் மாறிலி சுமார் 7, அக்ரிலிக்குக்கு 3-க்குச் சற்றுக் கீழே, காற்றுக்கு 1. ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டின் மேல் 3 மி.மீ. கண்ணாடி வைத்து விரலை வைத்தால் ஏறத்தாழ 2 பிகோஃபாரட் கிடைக்கும். அதே கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே 1 மி.மீ. காற்று புகுந்தால் 0.6-தான் மிஞ்சும். ஒரு மில்லிமீட்டர் காற்று ஏழு மில்லிமீட்டர் கண்ணாடிக்குச் சமம். ஓரங்களில் விரியும் புலத்தைக் கணக்கில் எடுத்தால் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. காற்று சைகையைத் தின்றுவிடுகிறது, ஆகவே காற்றை விரட்டு என்பது அவர்கள் சொல்லும் நியாயம்.

கணக்கு சரி. ஆனால் அதைக் காரணமாக ஏற்க வரலாறு விடவில்லை. ஒரு கையை அரை மீட்டர் காற்றுக்கு அப்பாலிருந்து, தொடாமலே, அதுவும் அங்குல அங்குலமாக நகர்வதைப் பிரித்துச் சொல்லும் கருவி 1920-லேயே இருந்தது. டிரான்சிஸ்டர் வராத காலம். வெற்றிடக் குழாய்களையும் கம்பிச்சுருள்களையும் வைத்துச் செய்தது. சைகையின் பலவீனம் மட்டுமே சிக்கலாக இருந்திருந்தால், காற்றுக்கு அப்பாலிருந்து இயங்கும் பொத்தான் ரேடியோப் பெட்டியோடு சேர்ந்தே வீட்டுக்கு வந்திருக்கும். வரவில்லை. அடுத்த 80 ஆண்டுகள் இந்தத் தொழில் போராடியது விரலைக் கண்டுபிடிக்க அல்ல, விரல் அல்லாததைக் கண்டுகொள்ளாமல் இருக்க. கண்ணாடியோடு ஒட்டிய உலோகமும், ஸ்பிரிங்கும், பசையும் அந்தப் போராட்டத்தின் ஆயுதங்கள். காற்று பகையானது அது சைகையைக் குறைப்பதால் என்பதைவிட, யாருடைய சைகை, எந்தப் பொத்தானுக்கு, வேண்டுமென்று செய்ததா என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் குழப்பிவிடுவதால் என்பதே என் வாதம்.

கையின் மின்தேக்குத்திறன் தொழில்நுட்ப உலகுக்குள் நுழைந்ததே ஒரு தொல்லையாகத்தான். 1920-களின் தொடக்கத்தில் வீட்டிலேயே ரேடியோ கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நிலையத்தைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் நிலையம் நழுவிப் போகும். திரும்பக் கையைக் கொண்டுபோனால் பெட்டி ஊளையிடும். அலைத்தேர்வு மின்தேக்கியோடு மனிதக் கையும் ஒரு தகடாகச் சேர்ந்துகொண்டதன் விளைவு அது. முன்பலகைக்குப் பின்னால் உலோகத் தகடு வைத்துப் பூமியோடு இணைத்தார்கள். குமிழுக்கு நீளமான காப்புத்தண்டு போட்டுக் கையைத் தள்ளி நிறுத்தினார்கள். அதே 1920-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் ரிச்சர்ட் விடிங்டன் என்ற இயற்பியலாளர் இந்தத் தொல்லையின் மறுபக்கத்தைப் பயன்படுத்தினார். மின்தேக்கித் தகடுகளுக்கு நடுவிலுள்ள காற்று இடைவெளி மயிரிழையிலும் மிகச் சிறிதாக மாறினால்கூட அலையியற்றியின் அதிர்வெண் மாறும், அதைக் காதால் கேட்கலாம் என்று காட்டி, மிக நுண்ணிய அசைவுகளை அளக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஆய்வுக்கூடத்தில் அது வென்றதற்குக் காரணம் உண்டு. அங்கே தகடுகள் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. அசையக்கூடியது எது என்று முன்கூட்டியே தெரியும். வேறொன்றும் குறுக்கே வரப்போவதில்லை.

அதே சமயம் ரஷ்யாவின் பெட்ரோகிராடில் இயற்பியலாளர் அப்ராம் யோஃபேயின் நிறுவனத்தில் வேலை பார்த்த லெவ் தெரமின் வாயுக்களின் மின்காப்பு மாறிலியை அளக்கும் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கருவியில் அலையியற்றி இருந்தது, காதில் கேட்கும் தொனி இருந்தது. பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் தொனி ஏறி இறங்கியது. ரேடியோக்காரர்கள் திட்டித் தீர்த்த அதே விளைவுதான். தெரமின் செல்லோ வாசிக்கத் தெரிந்தவர் என்பதால் அவருக்கு அது தொல்லையாகப் படவில்லை, ஸ்வரமாகக் கேட்டது. அதை வைத்து அவர் செய்த வாத்தியத்தின் இயக்கம் எளிமையானது. செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் இரண்டு அலையியற்றிகள். ஒன்று நிலையானது, மற்றது ஒரு செங்குத்துக் கம்பியோடு இணைந்தது. கை நெருங்கினால் இரண்டாவதன் அதிர்வெண் சற்றுக் குறையும். இரண்டையும் கலந்தால் வித்தியாசம் விம்மலாகக் கேட்கும். மூன்று லட்சம் அதிர்வில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே விம்மல் 300 அதிர்வு நகர்ந்துவிடும் என்பதால், பிகோஃபாரட்டின் சிறு பின்னங்கள் கூடச் சங்கீதமாகிவிடும். 1922-இல் அவர் லெனின் முன் இந்தக் கருவியை வாசித்துக் காட்டியபோது, கூடவே ஒரு திருட்டு எச்சரிக்கை மணியையும் காட்டினார். யாராவது கிட்டே வந்தால் அது ஒலிக்கும். ஒரே தத்துவத்தின் இரண்டு பயன்கள் அன்றைக்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மூன்றாவதான பொத்தான் மட்டும் அந்த மேசையில் இல்லை.

இல்லாமற்போனது தற்செயல் அல்ல. திருட்டு மணிக்கு வந்தது யார், எந்த விரல் என்ற கேள்வி தேவையில்லை. யார் வந்தாலும் ஒலித்தால் போதும். வாத்தியத்துக்கு இடைவிடாத மாற்றம்தான் உயிர். அங்கே எல்லைக்கோடே வேண்டாம். பொத்தானுக்கு எல்லைக்கோடுதான் எல்லாம். அந்தக் கோட்டைக் காற்றில் போடுவது எவ்வளவு கடினம் என்பதை வாத்தியத்தின் வணிக வரலாறே காட்டிவிட்டது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1929-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாட்டை முணுமுணுக்கத் தெரிந்த எவரும் வாசிக்கலாம் என்பது விளம்பரத்தின் தோரணை. சுமார் 500 கருவிகளோடு கதை முடிந்தது. அந்த ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சி ஒரு காரணம்தான். ஆனால் வாங்கியவர்கள் கண்டது வேறு: கையை எங்கே வைத்தால் எந்த ஸ்வரம் என்பதற்குக் காற்றில் அடையாளமே இல்லை. வயலினில் மெட்டு இல்லாவிட்டாலும் விரலுக்கு அடியில் தந்தி இருக்கிறது, கட்டை இருக்கிறது. இங்கே எதுவும் இல்லை. இதை உண்மையிலேயே ஆண்டவர் கிளாரா ராக்மோர். வில்னியஸில் 1911-இல் பிறந்து, சிறுமியாகவே வயலினில் பேர் வாங்கி, எலும்புக் கோளாறால் அதை விட்டவர். காற்றில் விரல்களை மடக்கி நீட்டி ஸ்வர இடங்களைப் பிடிக்கும் முறையை அவர் உருவாக்கினார். அதற்கு அவர் கொடுத்த விலை அசையாமல் நிற்பது. தோள் அசைந்தாலும் தலை சாய்ந்தாலும் கருவி அதையும் கேட்டுவிடும். வலது கையைக் கேட்கச் சொன்ன கருவி முழு மனிதரையும் கேட்டது. உலகத்தரமான ஒரு கலைஞர் தன் உடம்பையே கட்டுப்படுத்திச் சரிசெய்த குறையை, லிஃப்டுக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் எதிர்பார்க்க முடியுமா?

லிஃப்டில்தான் தொடு பொத்தான் பொதுமக்கள் கைக்கு முதலில் வந்தது என்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் உயர்ந்த கட்டடங்களில் அசையாத பொத்தான்கள் வந்தன. பொத்தானுக்குப் பின்னால் வாயு நிரப்பிய சிறு குழாய். விரல் பட்டதும் உடம்பின் மின்தேக்குத்திறன் வழியாகக் குழாய் பற்றிக்கொள்ளும், லிஃப்ட் வரும்வரை அணையாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். விரலை உணர்வதும் பதில் சொல்வதும் ஒரே கண்ணாடிக் குழாய். தேய்மானம் இல்லாத, அழகான ஏற்பாடு. 1970 ஆகஸ்ட் 5 அன்று நியூயார்க்கின் ஒன் நியூயார்க் பிளாசா கட்டடத்தில் 33-ஆம் மாடிப் பக்கம் தீப்பிடித்தது. லிஃப்ட் ஒன்று எரிகிற மாடியிலேயே போய் நின்று கதவைத் திறந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அந்தத் தலைமுறைத் தொடு பொத்தான்கள் விரலுக்கு மட்டுமல்லாமல் வெப்பத்துக்கும் இயங்கக்கூடியவை. தீயே லிஃப்டைக் கூப்பிட்டிருக்கிறது. நியூயார்க் நகரம் 1973-இல் உயர்மாடிக் கட்டடங்களுக்கான தீத்தடுப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியது. தீயின்போது லிஃப்டுகளைத் தரைத்தளத்துக்கு வரவழைத்து நிறுத்தும் முறை கட்டாயமானது. வெப்பத்தாலும் புகையாலும் இயங்கும் பொத்தான்கள் வழக்கொழிந்தன. இந்த விபத்தில் உணர்திறன் குறைவு என்ற குற்றச்சாட்டுக்கே இடமில்லை. பொத்தான் எதையும் தவறவிடவில்லை. மறுக்கத் தெரியாததுதான் அதன் குற்றம்.

இதே ஆண்டுகளில் வேறு சிலர் மறுக்கத் தெரிந்த பொத்தானைச் செய்துகொண்டிருந்தார்கள், ஆனால் அதற்காக விரலைப் பரப்போடு ஒட்ட வைக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் மால்வெர்னில் இருந்த ராயல் ரேடார் நிறுவனத்தில் ஈ.ஏ. ஜான்சன் 1965-இல் வெளியிட்ட தொடுதிரை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கானது. திரையின் குறுக்கே மெல்லிய செப்புக் கம்பிகள்; கட்டுப்பாட்டாளர் கம்பியைத் தொட்டால் அதன் மின்தேக்குத்திறன் மாறும். நடுவே காற்றும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வானத்தில் பறக்கும் விமானத்துக்கான கட்டளையில் ஒருவர் கை ஓங்கியதையும் தொட்டதையும் குழப்பிக்கொள்ள முடியாது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ஃபிராங்க் பெக்கும் பெண்ட் ஸ்டும்ப்பும் 1972-இல் தொடங்கியது இன்னொரு படி. சுற்றளவு ஏறத்தாழ 7 கி.மீ. கொண்ட துகள்முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்கு ஆயிரக்கணக்கில் குமிழும் பொத்தானும் வைத்துச் சுவரை நிரப்பாமல், கணினி அவ்வப்போது பெயர் மாற்றிக்கொடுக்கும் சில பொத்தான்களாகச் சுருக்குவது அவர்கள் நோக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய செப்புக் கோடுகளைக் கண்ணாடியில் மின்தேக்கிகளாகப் பொறித்தார்கள். மேலே மெல்லிய காப்பு மட்டும். முதலில் பதினாறு பொத்தான்கள். அவர்கள் தேடியது தேய்மானமில்லாத, மலிவான பொத்தான், பிரித்தறியும் நிச்சயம் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். நோக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் வடிவத்தைப் பாருங்கள்: பதினாறு பொத்தான்களை அவ்வளவு சிறிய இடத்தில் அடுக்க முடிந்ததே விரல் தகட்டின்மேல் கிட்டத்தட்ட ஒட்டி நின்றதால்தான். மலிவும் நெருக்கமும் நிச்சயத்தின் தோளில் ஏறித்தான் வந்தன.

காற்று இடைவெளியை விரட்டாமல் அடக்கி ஆண்டவர்களும் உண்டு, அவர்கள் விசைப்பலகைக்காரர்கள். 1981-இல் முதல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்த விசைப்பலகையைப் பிரித்தால், ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு ஸ்பிரிங், அதன் அடியில் மின்சாரம் கடத்தும் கரி கலந்த பிளாஸ்டிக் துடுப்பு, அதற்கும் கீழே சர்க்யூட் பலகையில் செப்புத் திட்டுகள். விசையை அழுத்தும்போது ஸ்பிரிங் ஒரு கட்டத்தில் சட்டென்று வளைந்து துடுப்பைத் தட்டிவிடும். திட்டுகளுக்கும் துடுப்புக்கும் நடுவிலுள்ள காற்று மாறும், மின்தேக்குத்திறன் மாறும். டக் என்ற அந்தச் சத்தமும் எழுத்து பதிவாவதும் ஒரே கணத்தில் நடக்கும். கவனிக்க வேண்டியது, இந்த ஏற்பாட்டில் விரல் மின்தேக்கியின் பக்கத்திலேயே வருவதில்லை. விரலின் ஈரம், நகம், கையுறை, யார் கை என்பதெல்லாம் கதைக்கு வெளியே. காற்று இடைவெளி இருக்கிறது, ஆனால் அதன் அளவை ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. இரண்டே நிலைகள், நடுநிலை கிடையாது. இதன் பேரப்பிள்ளை இன்றும் இருக்கிறது: துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் பின்னால் சில பத்து மைக்ரான் இடைவெளி விட்டு உணர்வுத் தகட்டை வைப்பார்கள். அழுத்தினால் எஃகு கண்ணுக்குத் தெரியாமல் வளையும், இடைவெளி குறையும், பொத்தான் இயங்கும். ஈரக் கையும் கையுறையும் அதற்கு ஒன்றுதான். காற்று எதிரியல்ல, அளவு தெரியாத காற்றுதான் எதிரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். தொடு பொத்தான் சமையலறைக்கு வந்ததற்குக் காரணம் மலிவான மைக்ரோ கன்ட்ரோலர். அது வந்ததும் நுண்ணிய அளவீடு எல்லோருக்கும் எட்டியது. மற்றபடி பெரிய தத்துவம் எதுவும் இல்லை என்பார்கள். மைக்ரோ கன்ட்ரோலர்தான் திருப்புமுனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது கொண்டுவந்தது என்ன என்பதில்தான் வேறுபடுகிறேன். அளவீட்டின் நுட்பம் தெரமினிடமே இருந்தது. அவரிடம் இல்லாதது நினைவு. 1990-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஹால் பிலிப்பின் குவான்டம் நிறுவனம் விற்ற சில்லுகள் தகட்டில் மின்னூட்டத்தை ஏற்றி, அதைப் பெரிய மின்தேக்கியில் கொட்டி, எத்தனை முறை கொட்டினால் நிரம்புகிறது என்று எண்ணின. எண்ணிக்கை மட்டும் போதாது. வெயில் ஏறினால் மாறும், ஈரப்பதம் கூடினால் மாறும். ஆகவே சில்லு வெறும் நிலையின் அளவைத் தொடர்ந்து நினைவில் வைத்து, மெதுவாக நகரும் மாற்றத்தைச் சூழல் என்று விழுங்கிவிடும். சட்டென்று வரும் மாற்றத்தை மட்டும் விரல் என்று கொள்ளும். புதியவரைக் கண்டால் குரைத்து, அவர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டால் பழகிப்போய்ப் படுத்துக்கொள்ளும் வீட்டு நாயின் புத்திதான். அடுப்பின் பொத்தான்மேல் ஈரத்துணியை வைத்துவிட்டு மறந்துபோனால், கொஞ்ச நேரத்தில் சில்லு அந்தத் துணியையே புதிய வெறுமையாக ஏற்றுக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்கள் இரண்டும் ஒரே விரலைக் கண்டால், வலுவான சைகை உள்ள ஒன்றை மட்டும் அனுமதித்து மற்றதை அடக்கும் வழியையும் அந்நிறுவனம் தன் சில்லுகளில் வைத்தது. 2008-இல் சில்லு நிறுவனமான அட்மெல் அந்நிறுவனத்தை வாங்கியபோது கைமாறியது அளக்கும் வித்தை மட்டுமல்ல, அளந்ததில் எதைப் பொருட்படுத்தக் கூடாது என்ற அறிவும்தான்.

இரண்டாவது மறுப்பு இயற்பியலிலிருந்து வரும்: அவ்வளவு நினைவும் கணக்கும் இருந்தால் பொத்தானைக் காற்றுக்கு மேலேயே வைக்கலாமே, தகட்டைப் பெரிதாக்கினால் சைகை வந்துவிடுமே? வரும், அங்கேதான் சிக்கல். ஒரு தகட்டின் புலம் பயனுள்ள அளவில் எட்டும் தூரம் ஏறத்தாழ அந்தத் தகட்டின் அகலம்தான். ஐந்து சென்டிமீட்டர் மேலே நிற்கும் விரலைப் பார்க்க வேண்டுமானால் தகட்டையும் அந்த அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். அதற்குள் பக்கத்துப் பொத்தானின் இடம் போய்விடும். இன்னொரு விதமாகவும் சொல்லலாம். 20 மி.மீ. இடைவெளியில் பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பொத்தானா, அடுத்ததா என்று பிரித்துக்காட்டும் பகுதி, விரல் 20 மி.மீ. உயரத்துக்குப் போகும்போது பரப்பில் இருந்ததில் சுமார் 4 விழுக்காடாகிவிடும், 40 மி.மீ. உயரத்தில் 0.2 விழுக்காடு. மின்புலம் உயரே போகப் போக நுணுக்கங்களை மழுங்கடித்துக்கொண்டே போகும் என்பது இயற்கை விதி. எந்தச் சில்லும் அதை மீற முடியாது. மொத்தச் சைகை மெதுவாகக் குறைகிறது, பிரித்தறியும் சைகையோ பாய்ந்து மறைகிறது. யாரோ இருக்கிறார்கள் என்பது வெகு தூரம்வரை தெரியும். எதைச் சுட்டுகிறார்கள் என்பது கிட்டத்தில்தான் தெரியும். சூத்திரத்தில் காற்றின் மாறிலி 1 என்பதைவிட இதுதான் பொத்தான்காரரின் தலைவலி. உலோகத் தகட்டைக் கண்ணாடிவரை ஏற்றிவிடும் ஸ்பிரிங் சைகையை மும்மடங்காக்குவதோடு, விரலையும் பிரித்தறியும் மண்டலத்துக்குள் இறக்கிவிடுகிறது.

காற்றுக்குத் திரும்பிப் போனவர்கள் எங்கே வென்றார்கள் என்று பார்த்தாலும் இதே கோடு தெரியும். எம்.ஐ.டி. மீடியா லேபில் நீல் கெர்ஷென்ஃபெல்டும் ஜோசஃப் பாரடீசோவும் கூட்டாளிகளும் 1990-களில் மின்புல உணர்வை மீண்டும் கையிலெடுத்தார்கள். 1994-இல் டாட் மக்கோவரின் இசைநாடகத்தில் வித்தைக்காரர்கள் பென்னும் டெல்லரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காற்றிலேயே தாளம் வாசித்தார்கள். நாற்காலியின் இருக்கை உடம்புக்குள் மெல்லிய உயர் அதிர்வெண் சைகையை ஏற்றியது. முன்னால் நின்ற தண்டுகள் கைகளிலிருந்து அதை வாங்கிக்கொண்டன. மேடை பெரியது, நாற்காலியில் ஒரு நேரத்தில் ஒருவர், சைகை அவர் உடம்பிலிருந்தே வருவதால் யார் என்ற கேள்விக்கே வேலையில்லை. இதே ஆராய்ச்சி காரின் முன் இருக்கைக்குப் போனது. உட்கார்ந்திருப்பது பெரியவரா, பின்பக்கம் பார்த்து வைத்த குழந்தை இருக்கையா என்று அறிந்து காற்றுப்பையை அடக்கும் வேலை. மீண்டும் ஒரு பெரிய பொருள், ஒரு இடம், அவசரமில்லாத கேள்வி. பொத்தானாக முயன்றபோது கதை வேறு. சோனி 2012-இல் எக்ஸ்பீரியா சோலா கைபேசியில் திரைக்கு மேல் சுமார் 20 மி.மீ. வரை மிதக்கும் விரலை உணர வைத்தது. அதை வைத்துச் செய்ய முடிந்தது இணையப் பக்கத்தில் சுட்டியை நகர்த்துவது; திறக்க வேண்டுமானால் கண்ணாடியைத் தொட்டே ஆக வேண்டும். மிதக்கும் விரலுக்குச் சுட்டும் உரிமை கொடுத்தார்கள், முடிவெடுக்கும் உரிமை கொடுக்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

2020-இல் கொரோனா வந்தபோது லிஃப்டுப் பொத்தானைத் தொடவே மக்கள் அஞ்சினார்கள். நூறு ஆண்டு வரலாறும் கையில் இருந்தது. காற்றைத் தாண்டி உணரும் பொத்தானுக்கு இதைவிடப் பெரிய சந்தை அமையாது. வந்தவற்றில் பல மின்தேக்கியை விட்டுவிட்டு அகச்சிவப்புக் கதிரை எடுத்துக்கொண்டன. ஒளிக்கதிருக்குத் திசை உண்டு. பொத்தானின் குழிக்குள் விரலை நீட்டினால்தான் வெட்டுப்படும், பக்கத்தில் நிற்பவரின் தோள் அதற்குப் பொருட்டல்ல. மின்தேக்குப் பொத்தானையே வைத்துக்கொண்டவர்கள் தகட்டைப் பெரிதாக்கினார்கள், சுற்றிலும் அதே மின்னழுத்தத்தில் ஓட்டும் காவல் வளையம் போட்டுப் பக்கவாட்டுப் பார்வையை மறைத்தார்கள், விரல் அரை விநாடியாவது நிலைத்து நின்றால்தான் ஏற்பது என்று காலத்தையும் துணைக்கு அழைத்தார்கள். தூரத்தில் இழந்த நிச்சயத்தைத் தாமதத்தில் வாங்குவது அது. சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் அப்போது கோயம்பேட்டில் இருந்த தன் தலைமை அலுவலக லிஃப்டில் அந்த ஆண்டு வேறொன்றைச் செய்தது: பொத்தானுக்குப் பதில் காலால் அழுத்தும் மிதி வைத்தது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும் மிதி. மின்தேக்குத்திறன் அதில் எங்கும் இல்லை.